மாடத்தி பார்த்த வரித்தலை வாத்து

ஒரு ஊர்ல ஒரு குளம் இருந்துச்சாம். அந்தக் குளத்துக்காக ஊரே வாயைப் பொத்திக்கிட்டுக் கெடந்துச்சாம். கார்த்திகை பொறந்தா பறவைங்க வந்துரும். அப்புறம் வெடி கெடையாது, கொட்டு கெடையாது, கல்யாண வீட்டுல மைக்கு கெடையாது. பச்சப்புள்ளகூட மெதுவாத்தான் அழணும். ம் கொட்டு. கொட்டுனாத்தான் கதை நகரும்.

"ம்."

அந்த ஊர்ல மாடத்தின்னு ஒரு மீன்காரி. அவ "மீனேய்"ன்னு இங்க கூப்பிட்டா, அடுத்த ஊர்ப் பூனை எந்திரிச்சு வரும். அவளுக்கு ஒரே ஒரு ஆசை. இமயமலையைத் தாண்டி ஒரு வாத்து வருதுல்ல, தலையில ரெண்டு கறுப்புக் கோடு போட்டுக்கிட்டு, வரித்தலை வாத்து, அதைக் கிட்டத்துல ஒரு தடவை பார்த்துரணும். ஊர்ல எல்லாரும் பார்த்தாச்சு, இவ ஒருத்திதான் பாக்கி.

மொத வருசம் மார்கழியில எல்லாரோடயும் கரைக்குப் போனா. போய் நின்னாளோ இல்லையோ, "ஆத்தாடி, எம்புட்டு!"ன்னா. படபடபடன்னு குளமே எந்திரிச்சுப் பறந்துருச்சு. ஒரு வாலைக்கூட அவ சரியாப் பார்க்கலை.

அப்புறம் ரெண்டாவது வருசம், வாயில துண்டைக் கட்டிக்கிட்டுப் போனா. பனி மூக்குல ஏறுச்சு. "ஹா... ஹா... ஹாச்சூ!" துண்டு ஒரு பக்கம், பறவை ஒரு பக்கம்.

அப்போ குளத்துக் காவலர் வேலாண்டி சொன்னாரு, "மாடத்தி, இன்னும் ஒரே தடவைதான். அதுலயும் கலைச்சேன்னா, இனி உன் காலு இந்தக் கரையில படக்கூடாது."

"சரிண்ணே!"ன்னா. அதையும் கத்தித்தான் சொன்னா.

மூணாவது வருசம், விடிஞ்சும் விடியாம கெளம்புனா. கொலுசைக் கழட்டி வச்சா. வாய் நெறைய அவலை அடைச்சுக்கிட்டா. வேலாண்டி பைனாகுலரை அவ கையில கொடுத்தாரு. பார்த்தா, வெறும் தண்ணி. கொஞ்சம் நகத்துனா, நாணல். இன்னும் கொஞ்சம் நகத்துனா... அந்தா! வெள்ளைத் தலை. ஒரு கோடு தெரியுது. அதுக்குள்ள இவ கண்ணுல தண்ணி வந்து எல்லாம் மங்கிருச்சு. தொடச்சுட்டுப் பார்த்தா, வாத்துக்குப் பின்னால ரெண்டு காது. நரி! சரசர... சரசர... இன்னும் நாலடிதான்.

"ம்?"

கரையில நின்ன மத்தவங்களும் பார்த்துட்டாங்க. "நரி, நரி"ன்னு ஒருத்தன் மெதுவாச் சொன்னான். "உஷ், பேசாத"ன்னான் இன்னொருத்தன். "யாராச்சும் கத்துங்களேன்"ன்னு வேலாண்டி கிசுகிசுத்தாரு. வருசக்கணக்கா மெதுவாப் பேசிப் பேசி, ஒருத்தருக்கும் குரலே எழும்பலை.

கத்துனா இந்தக் கரை இனி இல்லைன்னு மாடத்திக்குத் தெரியும். இருந்தும், அவல் நாலா பக்கமும் தெறிக்க, "அட நாசமாப் போற நரியே!"ன்னு போட்டா பாரு ஒரு சத்தம்! நரி குட்டிக்கரணம் அடிச்சு ஓடுச்சு. பறவையெல்லாம் படபடபடன்னு போயிருச்சு.

"நல்லவேளை கத்துன"ன்னாரு வேலாண்டி. ஆனா சொன்ன சொல்லை அவரும் மாத்தலை, மாத்தச் சொல்லி இவளும் கேக்கலை. பைனாகுலரைக் கொடுத்துட்டு வீட்டுக்குப் போயி அழுதா. சத்தமாத்தான் அழுதா. தூங்கிட்டியா?

"ம்ஹூம்... வாத்து?"

வருது, இரு. மூணு நாள் கழிச்சு, சாயங்காலம், மாடத்தி புறவாசல் கதவைத் தெறந்தா. பின்னால புல்லுத் தரிசுல கரக் கரக்னு சத்தம். நரிக்குப் பயந்து குளத்துல எறங்காத வாத்தெல்லாம் அங்க மேயுது. பத்தடி தூரம்தான். ஒரு கோடு. ரெண்டு கோடு.

உள்ள இருந்து புருசன் சுடலை கேட்டான், "என்னட்டி, உன் சத்தத்தையே காணோம்?"

மாடத்தி திரும்பி, உதட்டுல விரலை வச்சு, "உஷ்"ன்னா. பொறந்ததுல இருந்து அவ அப்படிச் சொன்னது அதான் மொதத் தடவை.

வாத்து மேஞ்சு முடிச்சாச்சு, கதையும் கூடு அடைஞ்சாச்சு. இனி நீயும் உஷ். தூங்கு.