முதுகுக்குப் பின்னால் ஏழு படங்கள்

தென்காசிப் பக்கம், மலையை ஒட்டிய ஒரு சின்ன ஊரில் உலகம்மாள் ஸ்டூடியோ வைத்திருந்தார். வாரத்தில் ஆறு நாள் பாஸ்போர்ட் படம். ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்குக் கீழே ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மாடி அறையின் ஜன்னலில் கறுப்புத் துணியை மாட்டுவார். காட்டுக்கும் மலைக்கும் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைகிறவர்கள் ஏழெட்டுப் பேர் படியேறி வருவார்கள்.

அவர்கள் எல்லோரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். உலகம்மாளுக்கு முப்பத்தெட்டு வயது. எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் எடுத்ததில்லை. வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்து அலுத்துவிட்டார்.

அங்கே இரண்டு வழக்கம் உண்டு. படம் எடுத்த இடத்தை யாரும் சொல்லக் கூடாது. தெரிந்தால் ஆள் போய் அங்கே இருக்கிறதைக் கலைத்துவிடும். இது முதலாவது. இரண்டாவதுதான் புதிதாக வருகிறவர்களைத் திணற வைக்கும். சுவரில் படம் விழும்போது எடுத்தவர் அதைப் பார்க்கக் கூடாது. பாஸ்போர்ட் படத்துக்கு உட்காரும் முக்காலியில், சுவருக்கு முதுகைக் காட்டி, பார்க்கிறவர்களின் முகத்தைப் பார்த்தபடி உட்கார வேண்டும்.

"நீங்கதான் எடுக்கும்போதே பாத்தாச்சுல்லா. இப்போ இவங்களைப் பாருங்க" என்பார் உலகம்மாள்.

அந்த முக்காலியில் மூன்று வருடமாக உட்கார்ந்து உட்கார்ந்து நொந்துபோனவர் ஆவுடையப்பன். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்திரண்டு. ஓய்வுப் பணத்தில் பாதியை ஒரு நீள லென்ஸில் போட்டிருந்தார். பறவையின் கண் மட்டும் ஊசிமுனையாய்த் தெரியும், பின்னால் இருப்பதெல்லாம் வெண்ணெயாய்க் கரைந்துவிடும். அந்தக் கரைசலில் அவருக்கு அவ்வளவு பெருமை. பார்க்கிறவர்களோ ஒரு தடவை பார்த்துவிட்டு முறுக்குத் தட்டின் பக்கம் திரும்பிவிடுவார்கள். மருந்துக்கடை ஜரினா மட்டும் பாவம் என்று சிரித்து வைப்பார்.

போன ஞாயிறு எல்லோரும் போன பிறகு ஆவுடையப்பன் டீச்சரிடம் கேட்டேவிட்டார்.

"மாடசாமி செல்போன்ல ஒரு பாறையை எடுத்துட்டு வாரான். அதைப் பாத்து எல்லாரும் மூச்சை அடக்கிட்டு உக்காருதாங்க. என் படத்துல என்ன டீச்சர் குறை?"

"பின்னணியில என்ன இருக்கு அண்ணாச்சி உங்க படத்துல?"

"ஒண்ணும் இருக்காது. அதுதானே அழகு."

உலகம்மாள் புரொஜெக்டரின் வயரைச் சுருட்டினார்.

"ஒரே இடத்துக்கு ஏழு நாள் போங்க. நாளுக்கு ஒரு படம். ஏழையும் கொண்டாங்க" என்றார்.

எந்த இடம் என்று உலகம்மாள் கேட்கவில்லை. ஆவுடையப்பனும் சொல்லவில்லை.

இந்த ஞாயிறு ஆவுடையப்பன் எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டார். புதுச் சட்டை. முகத்தில் கல்யாண வீட்டுக் களை.

"அரசவால் டீச்சர்! கூட்டோட!" என்றார்.

அரசவால் ஈபிடிப்பானைத் தெரியாதவர்கள் அங்கே இல்லை. கறுப்புக் கொண்டை, உடம்பெல்லாம் வெள்ளை, ரிப்பன் போல ஒன்றரைச் சாண் வால் ஆடிக்கொண்டே வரும். அந்தப் பறவை கூட்டில் உட்கார்ந்திருப்பதை எடுக்க வருடக்கணக்கில் அலைந்தவர்கள் உண்டு. உலகம்மாளின் கை மட்டும் புரொஜெக்டர் மேல் ஒரு கணம் நின்றது.

"கூடா?" என்றார்.

"ஆமா. இன்னைக்குக் காலையில எடுத்ததோட ஏழு."

ஆவுடையப்பன் முக்காலியில் போய், சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். விளக்கு அணைந்தது. எதிரே எட்டு முகங்கள்.

முதல் படம் விழுந்தது. எட்டு முகங்களிலும் பச்சை வெளிச்சம் படிந்தது. ஜரினா சிரித்தார். இந்தத் தடவை பாவம் என்ற சிரிப்பு இல்லை. ஆவுடையப்பனுக்கு மனசு குளிர்ந்தது.

இரண்டாவது படம். எல்லோரும் பறவையைப் பார்த்தார்கள். மாடசாமியின் கண் மட்டும் மேலே ஒரு மூலைக்குப் போய்த் திரும்பியது.

மூன்றாவது படத்தில் ஜரினாவின் கண்ணும் அதே மூலைக்குப் போனது. திரும்பி வரவில்லை.

நான்காவதில் முறுக்குக் கடிக்கும் சத்தம் நின்றது. எட்டுப் பேரும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்கள். மூன்று வருடமாக அவர் ஆசைப்பட்ட அமைதி. ஆனால் எட்டுப் பேரில் ஒருவர்கூடப் படத்தின் நடுவைப் பார்க்கவில்லை. அவருடைய அரசவால் நடுவில்தான் இருந்தது.

ஐந்தாவது படம் விழுந்தபோது பதினாறு கண்களும் மூலையிலிருந்து கொஞ்சம் கீழே இறங்கின. எல்லாம் சேர்ந்து, ஒரே அளவு.

அவருக்குப் பிடரி சில்லிட்டது. தன் முதுகுக்குப் பின்னால் ஏதோ ஒன்று மெல்ல நடந்து வருவதை இவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படித்தான் இருந்தது. திரும்பலாமா என்று நினைத்தார். வழக்கத்தை மீற மனம் வரவில்லை. நிஜத்தில், திரும்பப் பயமாக இருந்தது.

ஆறாவது படத்துக்கு மாடசாமி நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டான். கண்கள் இன்னும் இறங்கின.

ஏழாவது படம் விழுந்தது. எல்லோருடைய கண்ணும் ஆவுடையப்பனின் தலைக்கு நேர் பின்னால் வந்து நின்றது.

"அல்லாவே" என்றார் ஜரினா. எழுந்து பின்சுவரோரம் போய் நின்றுகொண்டார்.

"திரும்புங்க அண்ணாச்சி" என்றார் உலகம்மாள்.

அவர் திரும்பினார். சுவர் முழுக்கக் கூடு. மூன்று குஞ்சுகள் வாயைப் பிளந்திருந்தன. மேலே வெள்ளை அரசவால் அலகைத் திறந்து, சிறகை விரித்து நின்றது. காலையில் கேமராவில் பார்த்ததும் 'தாலாட்டு' என்று இதற்குப் பெயர்கூட வைத்திருந்தார்.

அதற்குப் பின்னால், கரைந்துபோன பச்சையில், ஆளின் தலை அளவுக்கு ஒரு கறுப்பு.

"நிழல்" என்றார் ஆவுடையப்பன்.

உலகம்மாள் முதலிலிருந்து ஓட்டினார். முதல் படத்தில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் மேல் மூலையில் ஒரு பொட்டு. மூன்றில் புளியங்கொட்டை அளவு. நான்கில் அதற்கு வால் இருந்தது. ஐந்தில் ஒரு கிளை தாண்டிக் கீழே வந்திருந்தது. ஆறில் அந்தக் கறுப்புக்கு நடுவே மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று தெரிந்தது. ஏழில் அது கூட்டுக்கு ஒரு முழம் பின்னால் இருந்தது. இவ்வளவு கிட்டே வந்துவிட்டதால் அதன் கண்ணும் லேசாகத் தெளிந்துவிட்டது.

அந்தக் கண் கூட்டைப் பார்க்கவில்லை. கேமராவைப் பார்த்தது.

"அரசவால் அங்க பாடல அண்ணாச்சி" என்றான் மாடசாமி மெதுவாக. "கத்துது."

ஆவுடையப்பன் முக்காலியிலிருந்து முன்னால் குனிந்து பார்த்தார்.

"இது எங்க வீட்டுக் காக்கை" என்றார்.

மாடசாமி அவரைத் திரும்பிப் பார்த்தான்.

"இறக்கையில ஒரு வெள்ளை இறகு இருக்கும். அண்டங்காக்கை. என் வீட்டுக்காரி கோமதி இறந்து பதினாறாம் நாளு வந்துச்சு. ரெண்டு வருசமா அதுக்கு வைக்காம நான் ஒரு வாய் சாப்பிட்டதில்ல." அவர் சுவரையே பார்த்தபடி பேசினார். "மலைக்குப் போறப்பவும் இலையில தயிர்ச்சோறு கட்டிட்டுப் போவேன். அங்கயும் ஒரு பிடி பாறை மேல வச்சுட்டுத்தான் சாப்பிடுவேன். ரெண்டாம் நாளு பாத்தா, இது வந்து நிக்கி. வீட்டுலருந்து நாலு மைலு. என் கூடவே வந்துட்டாளேன்னு எனக்கு... நான் அழுதேன் டீச்சர். சந்தோசத்துல."

ஜரினா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தின்னுட்டுப் போயிருக்கும்னு நெனச்சேன். நான் கேமராவுக்குள்ள கண்ணை வச்சிருந்தேன். பின்னால வந்து உக்காந்தது தெரியாது."

"வீட்டுல சோறு எப்படி வைப்பிய?" என்று கேட்டார் உலகம்மாள்.

"எப்படின்னா?"

"சொல்லுங்க."

"இலையை மதில் மேல வைப்பேன். மடிச்சிருந்தா விரிச்சு விடுவேன். ரெண்டு எட்டுத் தள்ளி வந்து, அசையாம நின்னு அதையே பாத்துட்டு இருப்பேன். அது உடனே தொடாது. என்னையே பாக்கும். 'எடுத்துக்கோம்மா'ன்னு சொன்னப்புறம்தான் வாய வைக்கும்." பேச்சுக்கு நடுவே அவர் லேசாகச் சிரித்தார். "அவ்வளவு மரியாதை."

"கூட்டை இலை மறைச்சிருக்குமே?"

"நெறைய. நாலஞ்சு இலையக் கிள்ளி எறிஞ்சேன். அப்புறம்தான் நல்லாத் தெரிஞ்சுது."

"அதுக்கப்புறம்?"

"ரெண்டு எட்டுத் தள்ளி வந்து..."

அவர் நிறுத்தினார். அறையில் புரொஜெக்டரின் விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் அந்தக் கண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. இந்தப் பார்வை அவருக்குத் தெரியும். தினமும் காலையில் மதில் மேலிருந்து பார்க்கிற பார்வைதான்.

ஆவுடையப்பன் சுவரிலிருந்து கண்ணை எடுத்து உலகம்மாளைப் பார்த்தார்.

"நான் யாருக்கும் இடத்தைச் சொல்லலியே டீச்சர். ஒருத்தருக்கும் சொல்லலியே."

உலகம்மாளின் முகமும் வெளிறித்தான் இருந்தது.

"எங்கன்னு நானும் கேட்டிருக்கணும்" என்றார் கடைசியில். "ஒரு பாறையத் தேடிப் போவியன்னு நெனச்சுட்டேன். என் மேலயும் தப்பு இருக்கு."

ஆவுடையப்பன் எழுந்துவிட்டார். வண்டிச் சாவியைச் சட்டைப்பையில் தேடினார்.

"இப்பவே போறேன். கல்லால அடிச்சு விரட்டுதேன். கோமதியா இருந்தாலும் சரி."

"போகாதிய."

"மூணு குஞ்சு டீச்சர்! இன்னும் கண்ணே சரியாத் திறக்கல!"

உலகம்மாள் ஜன்னல் பக்கம் போய்க் கறுப்புத் துணியின் ஓரத்தை விலக்கினார். மதிய வெயில் அறைக்குள் கத்தியாய் விழுந்தது. எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள்.

தெருவின் எதிர்ச் சுவரில், இன்வெர்ட்டர் கடைப் பலகையின் மேல், ஒரு அண்டங்காக்கை உட்கார்ந்திருந்தது. இறக்கையில் ஒரு வெள்ளை இறகு. கீழே கறிக்கடைக் குப்பை கிடந்தது. மற்ற காக்கைகளெல்லாம் அதில் அடித்துக்கொண்டிருந்தன. இது அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. ஸ்டூடியோவின் படிக்கட்டையும், படிக்கட்டின் கீழே நிற்கிற ஆவுடையப்பனின் வண்டியையும் பார்த்துக்கொண்டிருந்தது.

ஜரினா வாய்க்குள் ஏதோ ஓதினார்.

"நீங்க இங்க இருக்கிய. அதனால அதுவும் இங்க இருக்கு" என்றார் உலகம்மாள்.

"வழிதான் தெரியுமே. நான் இல்லாமலும் போகும்லா?"

"போகலாம். ஆறு நாளும் ராத்திரி நீங்க வீட்டுலதான் இருந்திய. விடிஞ்சு போனப்போ கூடு அப்படியேதானே இருந்துச்சு?"

அவர் தலையாட்டினார்.

"அது எதுக்குக் காத்துட்டு இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா அண்ணாச்சி?"

அவருக்குத் தெரிந்தது. காலையில் ஏழாவது படத்தை எடுத்து முடித்த சந்தோஷத்தில் 'எடுத்துக்கோம்மா' என்ற அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தார். சொல்லவில்லை. சொல்லவில்லை என்றுதான் ஞாபகம். இல்லை, சொல்லவில்லை.

அவர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் என்ன செய்யணும்?"

"நாளைக்கும் வழக்கம்போலச் சோறு வைங்க. வீட்டு மதில்ல. மலைப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்காதிய. குஞ்சு பறக்க இன்னும் எட்டுப் பத்து நாளு ஆகும்."

"பறந்துச்சா இல்லையான்னு யாராவது போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க. மாடசாமி, நீ போய்ட்டு வாலே" என்றார் ஆவுடையப்பன்.

மாடசாமி ஜன்னலைப் பார்த்தான். எதிரே இருந்த காக்கை இப்போது தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஜன்னலில் தெரிகிற ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் ஒரு அடி பின்னால் வந்தான்.

"நான் போகல அண்ணாச்சி. என் பின்னாலயும் வந்துரும்."

மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராக ஜன்னலை விட்டு விலகினார்கள்.

"அப்போ, அதுங்க பிழைச்சுதான்னு எனக்கு எப்படித்தான் தெரியும்?" என்றார் ஆவுடையப்பன். குழந்தை கேட்கிற மாதிரி கேட்டார்.

உலகம்மாள் துணியை மறுபடி இழுத்து மூடினார். அறை இருண்டது. சுவரில் மூன்று குஞ்சுகளும் வாயைத் திறந்தபடியே இருந்தன. அவர் வந்து ஆவுடையப்பனின் தோளைத் தொட்டு, முக்காலியை மெல்லத் திருப்பி, அவர் முதுகு சுவரைப் பார்க்கிற மாதிரி வைத்தார்.

"தெரியாது அண்ணாச்சி" என்றார். "இப்படியே உக்காந்திருங்க."