குளத்தங்கரை மரத்தில் ஒரு வெற்றிடம்

இந்தக் கதை எனக்கு நேராகத் தெரிந்ததல்ல. நூலகத்தில் பக்கத்து மேசைக்காரர் சொன்னார். அவரும் எங்கோ கேட்டதுதான். கேட்டபடியே சொல்கிறேன்.

ஒரு காட்டில் செங்கொண்டை என்று ஒரு மரங்கொத்தி இருந்தாள். குளத்தங்கரையில் பட்டுப்போன பெரிய மருதமரத்தில் அலகால் கொத்திக் கொத்திப் படம் போடுவாள். பேச்சு காற்றோடு போய்விடும். படம் மரத்திலேயே நிற்கும். நேற்றுப் பிறந்த குட்டிக்கும் புரியும்.

அதனால் காட்டுப்பன்றி அரசன் ஒரு சட்டம் வைத்திருந்தான். யாரைப் பற்றியும் என்ன வேண்டுமானாலும் பேசலாம். படம் போடுவதென்றால் மட்டும், போடப்படுகிறவரின் சம்மதம் வேண்டும். சம்மதம் வாங்காமல் போட்ட கொண்டைக்குருவி இப்போது வாலில்லாமல் திரிகிறது.

அந்தக் கோடையில் குளம் பாதி வற்றியது. "நாளுக்கு ஆளுக்கு ஒரு வாய் தண்ணீர்தான்" என்று அரசன் அறிவித்தான். ஆனால் தினமும் விடியற்காலையில் அவன் குளத்தில் புரண்டு குளிப்பதைச் செங்கொண்டை கிளையிலிருந்து பார்த்தாள். கீழே ஒரு மான்குட்டி எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் கிடந்தது.

அவள் படங்களைச் சோதிக்கும் நரியிடம் போனாள்.

"என்னம்மா, யாரைப் போடப் போகிறாய்?"

"அரசரை, ஐயா. குளத்தில் புரள்கிற மாதிரி."

நரி சுற்றுமுற்றும் பார்த்தான். "வாலோடு வீடு போய்ச் சேர ஆசையில்லையா உனக்கு? நான் அவரிடம் கேட்கவே மாட்டேன்."

"சரி, அரசரைப் போடவில்லை. வெறும் குளத்தைப் போடலாமா?"

"குளத்துக்கு யார் சம்மதம் வேண்டும்? போ, போடு."

மூன்று நாள் கொத்தினாள். குளம் வந்தது. தெறிக்கும் சேறு வந்தது. கரையில் நாக்கு வறண்ட மிருகங்கள் வரிசையாக வந்தன. நடுவில் மட்டும் ஒரு பெரிய உடம்பின் வடிவத்தில் பட்டையைத் தொடாமல் விட்டாள். பார்க்காதது எதையும் போட்டுவிடவில்லையே என்று ஒவ்வொரு கோடாகத் திரும்பப் பார்த்தாள்.

மிருகங்கள் கூடின. "நடுவில் யார்?" என்றது முயல்.

"யாருமில்லையே" என்றது ஆமை.

"யாருமில்லாமலா சேறு இப்படித் தெறிக்கிறது?"

அதற்குள் அரசனே வந்துவிட்டான்.

"யாரைக் கேட்டு என்னைப் போட்டாய்?"

"உங்களைப் போடவில்லை, அரசே. உங்கள் மயிர் ஒன்றுகூட அதில் இல்லை."

"இல்லையா? இந்த முதுகு யாருடையது? இந்தத் தொப்பை யாருடையது?" அவன் மரத்தோடு ஒட்டி நின்றான். "எல்லோரும் பாருங்கள்! அளவெடுத்த மாதிரி நான்தான்!"

எல்லோரும் பார்த்தார்கள். அவன் விலாவில் விடியற்காலைச் சேறு இன்னும் ஈரமாக இருந்தது.

மான்குட்டியின் தாய் முன்னால் வந்தாள். "எங்களுக்கு ஒரு வாய், உங்களுக்கு ஒரு குளமா, அரசே?" பதிலுக்கு நிற்காமல் குட்டியை முட்டித் தள்ளித் தண்ணீருக்குள் இறக்கினாள். முயல் பின்னால் போனது. பிறகு எல்லோரும் போனார்கள்.

"பிடி அந்த மரங்கொத்தியை!" என்று அரசன் கத்தினான்.

"எந்தச் சட்டப்படி?" என்றான் நரி. "அவள் குளத்தைத்தான் போட்டாள். நீங்களாகப் போய் நின்றுகொண்டீர்கள்."

கேலியை அடக்கக் கிளம்புகிற அதிகாரம், அந்தக் கேலி யாரைப் பற்றியது என்பதைத் தன் வாயாலேயே சொல்லிவிடும்.

சொன்னவர் பிரான்சு நாட்டுப் பத்திரிகைகளை மனதில் வைத்துச் சொன்னாராம். பிறகு சரிபார்த்தேன்: 1881-ஆம் ஆண்டுப் பத்திரிகைச் சட்டம் வரும்வரை அங்கே பெரும்பாலான காலம் கேலிச்சித்திரத்துக்கு முன் அனுமதி வேண்டியிருந்தது, வரையப்படுகிறவரின் சம்மதத்தையும் கேட்டிருக்கிறார்கள், தடுக்கப்பட்ட படத்தின் இடத்தை வெறுமையாக விட்டு அச்சிட்ட பத்திரிகைகளும் இருந்தன.