தாண்டவராயன் வகுப்பில் இரண்டு இடம்

எம்.எஸ்சி. கணித வகுப்பில் பாடம் கேட்க வந்து நின்றாள், ஒன்பதாவது படிக்கும் அங்கயற்கண்ணி.

“இங்கே உனக்கு இடமில்லை பாப்பா,” என்றார் பேராசிரியர் தாண்டவராயன்.

“எனக்கு ஒரு கணக்குக் கொடுத்துப் பாருங்க சார்!”

மேடைத் தரை சதுரங்கப் பலகை மாதிரி, எட்டுக்கு எட்டுக் கட்டம். எதிரெதிர் மூலைகளில் இருந்த இரண்டு கறுப்புக் கட்டங்களிலும் தூண்கள். அவர் முப்பத்தொரு அட்டைகளை நீட்டினார்.

“ஒரு அட்டை அடுத்தடுத்த ரெண்டு கட்டத்தை மூடும். மிச்சத் தரை முழுக்க மூடிட்டு உட்காரு.”

அவள் அட்டையைத் தொடவேயில்லை.

“நடக்காது சார். எப்படி வச்சாலும் ஒரு அட்டை ஒரு கறுப்பு, ஒரு வெள்ளையைத்தான் மூடும். தூண் போகக் கறுப்பு முப்பது, வெள்ளை முப்பத்திரண்டு. ரெண்டு வெள்ளை மிஞ்சியே தீரும்.”

தெரிந்தே முடியாத கணக்கைக் கொடுத்தவர் தொண்டையைச் செருமினார். மாணவர்கள் மேசையைத் தட்டினார்கள்.

அங்கயற்கண்ணி ஒரு வெள்ளைக் கட்டத்தில் சம்மணமிட்டு நோட்டை விரித்தாள்.

“இது எனக்கு சார். இன்னொண்ணு, அடுத்த வருஷம் வரப்போற என் தங்கச்சிக்கு.”