சடைச்சி வெட்டிய வேர்

கொடிகளுக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், கறுப்புத் திராட்சையை எந்த மண்ணில் நட்டாலும் ஒரே பழம்தான் பழுத்தது. எல்லா ஊரிலும் ஒரே நாளில் கறுக்கும். சாறு பிழிந்து பானையில் ஊறவைத்தால், அது எந்த ஊர்ப் பானை என்று ருசி பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

எல்லாக் கொடிக்கும் தாய்க்கொடி மலையடிவாரத்தில் சடைச்சியின் தோட்டத்தில் இருந்தது. இளவயதிலேயே புருஷனைப் பறிகொடுத்த சடைச்சிக்கு அந்தக் கொடிதான் பேச்சுத் துணை. பெண்கள் இருவரையும் அதன் நிழலில் போட்டுத்தான் வளர்த்தாள். மூத்தவள் பேச்சியை மலை உச்சிக் கிராமத்தில் கொடுத்தாள். இளையவள் குருவம்மாவைக் கரிசல் காட்டில் கொடுத்தாள். இருவருக்கும் தாய்க்கொடியில் ஆளுக்கொரு குச்சி வெட்டிச் சீதனத்தோடு அனுப்பினாள்.

"நீ அழாதே சடைச்சி. உன் பிள்ளைக எங்கே இருந்தாலும் நம்ம தோட்டத்துப் பழத்தைத்தான் தின்னும்" என்றது தாய்க்கொடி. சொன்னபடியே பூமிக்கடியில் வேர் ஓட்டித் தன் பிள்ளைகளைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

பேச்சிக்குப் பிள்ளை பிறந்த சேதி கேட்டுச் சடைச்சி மலையேறினாள். நல்ல பனிக்காலம். வீட்டுக்குப் பின்னால் நின்ற கொடியைப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு இலை இல்லை. தண்டு நீளவாக்கில் பிளந்து கிடந்தது. அந்த எலும்புக்கூட்டில் குலைகள் மட்டும் கறுகறுவென்று தொங்கின.

"என்னடி இது?"

கொடிதான் பதில் சொன்னது. "கறுக்கச் சொல்லி வேர் வழியா உத்தரவு வந்துச்சு ஆத்தா. இங்கே வெயில் ஏது? என் தண்டை உருக்கித்தான் கறுத்தேன்."

"வருஷா வருஷம் இந்தக் கொடுமைதாம்மா" என்றாள் பேச்சி.

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"நம்ம தோட்டத்துப் பழம்னு நீ ஊரெல்லாம் பெருமையாச் சொல்லிக்கிட்டு இருந்தியே. எப்படிம்மா சொல்றது?"

சடைச்சி சாப்பிடக்கூட உட்காரவில்லை. மலையிறங்கி நேரே கரிசல் காட்டுக்கு நடந்தாள். அங்கே பனிக்காலத்திலும் வெயில் நெருப்பாகக் கொட்டிக்கொண்டிருந்தது. குருவம்மாவின் கொடி முனகிக்கொண்டு கிடந்தது.

"எப்பவோ பழுத்துட்டேன் ஆத்தா. ஆனா ஒரே ருசியில நிக்கணுமாம், அதுக்கு மேல இனிக்கக் கூடாதாம். உள்ளே கொதிக்குது, அடக்க முடி—"

சொல்லி முடிப்பதற்குள் குலை படீரென்று வெடித்தது. சுடுசாறு சடைச்சியின் முகத்தில் தெறித்தது. துடைத்த கை முழுக்கச் சிவப்பு.

வீடு திரும்பியவள் தாய்க்கொடியின் முன்னால் போய் நின்றாள்.

"உன் பிள்ளைக சாகுது. அதுகளை விட்டுரு."

"வேற ருசியில பழுத்தா அது என் பிள்ளைன்னு யாருக்குத் தெரியும்?"

"செத்துப்போனா மட்டும் தெரியுமா?"

கொடி தன் வேரைத் தளர்த்திப் பார்த்தது. பிறகு, "பிடிச்ச பிடியை எனக்கே விடத் தெரியல சடைச்சி" என்றது.

சடைச்சி மண்வெட்டியால் அடிமண்ணைத் தோண்டினாள். தொடை கனத்துக்கு ஒரு வேர் கிழக்கும் மேற்குமாக ஓடியது. அரிவாளை ஓங்கினாள்.

"வெட்டாதே! எங்க எல்லார் பேச்சும் அந்த வேர்லதான் இரு—"

அரிவாள் விழுந்துவிட்டது.

வெட்டுவாயிலிருந்து தெளிந்த தண்ணீர் சொட்டுச் சொட்டாக வழிந்தது. "ஏய், பேசு!" என்று சடைச்சி தண்டைப் பிடித்து உலுக்கினாள். பதில் இல்லை. தான் செய்தது என்ன என்று அப்போதுதான் உறைத்தது. அரிவாளை எறிந்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த காய்ப்புக்கு முதலில் வந்தவள் குருவம்மா. அவள் கூடையில் இருந்த பழம் தடித்த தோலும் மைக்கறுப்புமாக இருந்தது, தின்றால் தேன். அடிவாரத்துப் பழமெல்லாம் பறித்து ஓய்ந்த பிறகு பேச்சி வந்தாள். அவள் பழம் சின்னது, மெல்லிய தோல், இளஞ்சிவப்பு. புளிப்போடு பூ வாசம் அடித்தது.

"இதா? இது நம்ம திராட்சையா?" சடைச்சி திகைத்துப்போனாள்.

"நல்லா மென்னு பாரும்மா" என்றாள் பேச்சி.

மென்றாள். இனிப்புக்கும் புளிப்புக்கும் அடியில், நாக்கின் கடைசியில், மெல்லிய துவர்ப்பு ஒன்று தட்டியது. அது அவள் தோட்டத்துத் துவர்ப்பு. குருவம்மாவின் கூடையில் மிஞ்சி வாடிக் கிடந்த பழத்தையும் எடுத்து மென்றாள். அதிலும் அதே துவர்ப்பு இருந்தது. சடைச்சி எழுந்து ஓடினாள்.

"உன் பிள்ளைகதான்டி! உன் பிள்ளைகளேதான்!" என்று தாய்க்கொடியைக் கட்டிக்கொண்டு கத்தினாள். கொடி கேட்டதோ இல்லையோ, ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வெட்டு விழுந்த நாளிலிருந்துதான் ஒரே கறுப்புத் திராட்சை குளிர்ந்த மலையில் ஒரு ருசியாகவும் காய்ந்த காட்டில் வேறொரு ருசியாகவும் பழுக்கிறது. கிளை வெட்டிக் கவாத்து செய்யும்போது கொடி வாய்விட்டு அழாமல் தண்ணீராகச் சொட்டுவதும் அன்று முதல்தான்.