அறுபத்தொரு கதவு வீடு

“மருதாயி, உன் வீட்டுக்கு எத்தனை கதவு?”

முன்னொரு காலத்தில், ஏரி மதகு உடைந்துபோன ஒரு ராஜ்யத்தில், சபை கூடியதும் ராஜா கேட்ட முதல் கேள்வி அதுதான்.

“ஒன்றே ஒன்று மகாராஜா. அதுவும் சாத்தினால் அழும்” என்றாள் மருதாயி.

சபையைச் சிரிக்க வைப்பது அவள் உத்தியோகம். ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். மந்திரி அழகாண்டாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் வாயைத் திறந்தால் ராஜா கொட்டாவி விடுவார். இவள் தும்மினால்கூடக் கைதட்டுவார்.

மதகைக் கட்ட இருநூறு பொன் வேண்டும். யானைமேல் உலா போனபோது ராஜா ஒன்றைக் கவனித்திருந்தார்: பெரிய வீட்டுக்கு நிறையக் கதவு, சின்ன வீட்டுக்குக் கொஞ்சம். ஊரில் மொத்தம் இருநூறு கதவு. ஆகவே, கதவுக்கு ஒரு பொன் வீட்டு வரி. பௌர்ணமிக்குள் கட்டாதவர் வீடு அரண்மனைக்கு.

அழகாண்டார் மாளிகைக்கு நாற்பது கதவு. அவர் மைத்துனர் வீட்டுக்கு இருபது.

எண்ணுகிற நாள் காலையில் அந்த அறுபதும் கழன்று, வண்டி வண்டியாக மருதாயியின் கொல்லையில் வந்து இறங்கின.

“வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம் அம்மா. சாயங்காலம் எடுத்துக்கொள்கிறோம்” என்றார் மைத்துனர்.

வண்டி தெருமுனை திரும்பவில்லை, எண்ணும் அதிகாரி ஓலையோடு வந்துவிட்டார். பின்னாலேயே அழகாண்டார்.

“அடேயப்பா! அறுபத்தொன்று!” என்றார் அதிகாரி.

மருதாயி கணக்குப் போட்டாள். பத்து வருஷம் விகடம் பேசினாலும் அறுபத்தொரு பொன் சேராது. தன் கையாலேயே மண் குழைத்து எழுப்பிய வீடு போய்விடும். சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். கொல்லை நிறையக் கதவு, உள்ளே போக ஓர் அறைதான். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“மந்திரி ஐயா, இதெல்லாம் என் கதவா?”

“பின்னே, உன் கொல்லையில் இருப்பது என் கதவா?”

“நன்றாகப் பாருங்கள் ஐயா. யாளி செதுக்கினது, உங்களுடையது மாதிரி இருக்கிறதே?”

“எனக்குக் கதவே கிடையாது பெண்ணே! நான் காற்றோட்டத்தை விரும்புகிறவன்.”

“அப்படியே எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போடுங்கள்.”

போட்டார். அதிகாரி ராஜ முத்திரையும் பதித்தார்.

சாயங்காலம் வண்டிகள் திரும்பி வந்தன. மருதாயி ஓலையை விரித்துக் காட்டினாள். “முத்திரையைப் பாருங்கள் ஐயா. என் கதவைத் தொட்டால் திருட்டு.”

மூன்றே நாளில் ஊர் ஆடுகளெல்லாம் மாளிகையில் குடியேறின. ஓர் எருமை பூஜையறையை விட்டு நகர மறுத்தது. அழகாண்டாரின் பட்டுத் தலைப்பாகையில் பாதியை ஓர் ஆடு தின்றது. மீதிப் பாதியைச் சுற்றிக்கொண்டு அவர் சபைக்கு ஓடினார். மருதாயி சாட்சிக்காக யாளிக் கதவை வண்டியில் கொண்டுவந்து சபை நடுவே நிறுத்தியிருந்தாள்.

“மகாராஜா, இவள் என் கதவுகளைத் தர மாட்டேன் என்கிறாள்!”

“உமக்குக் கதவே கிடையாது என்று ஓலை சொல்கிறதே?” என்றார் ராஜா.

“பாவம் மகாராஜா, ஆடு கடிக்கிறது. வாடகைக்குத் தருகிறேன்” என்றாள் மருதாயி. “கதவுக்கு இரண்டு பொன். ஒன்று வரிக்கு. இன்னொன்று, வண்டி ஏறி நசுங்கிய என் கத்தரிச் செடிகளுக்கு.”

அழகாண்டார் மைத்துனருக்கும் சேர்த்து நூற்றிருபது பொன்னை எண்ணி வைத்தார்.

“அவர் கதவை ஒளித்தால் உனக்கென்ன மருதாயி?” என்று கேட்டார் ராஜா.

“மதகுக்கு வேண்டிய இருநூறு குறையாதே மகாராஜா. ஒருவர் கதவைக் கழற்றினால், அவர் பங்கு பக்கத்து வீட்டுக் கதவில் போய்த் தொங்கும். இந்தத் தடவை என் கதவில் தொங்கிற்று.”

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார். “இனி உன் கதவுக்கு வரியே வேண்டாம்!”

“ஐயோ, அதுவும் யார் கதவிலாவது தொங்குமே!” முந்தானையில் முடிந்திருந்த தன் ஒரு பொன்னை அவிழ்த்து வைத்தாள்.

“சரி, உன் அழுகிற கதவுக்கு ஆயுசு முழுக்க அரண்மனை எண்ணெய்!” என்ற ராஜா மந்திரி பக்கம் திரும்பினார். “அழகாண்டாரே, உம் வீட்டுக்கு எத்தனை கதவு?”

அழகாண்டார் பாதித் தலைப்பாகையைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்தார். யாளிக் கதவைத் தூக்கி அதன்மேல் ஏற்றினார். சபை வாசலில் கதவு இடித்தது. பக்கவாட்டில் திரும்பி வெளியே போனார்.