பொன்னாடை போர்த்திய கம்ப்யூட்டர்

மேடை ஏறினால் மைக்கை விடாத சங்கத் தலைவர் கோதண்டபாணிக்கு ஒன்றும் புரியவில்லை. ரிப்பேர் கடையில் ஒழுங்காக ஓடுகிற கம்ப்யூட்டர், வீட்டுக்கு வந்ததும் பொசுக்கென்று அணைந்துபோகிறது. இத்தனைக்கும் தூசி படாமலிருக்க, தனக்குக் கிடைத்த பொன்னாடையையே அதன் பெட்டிக்குப் போர்த்தியிருந்தார்.

“எல்லாம் உன் கைராசி! இன்னிக்குள்ள சரியாகலைன்னா கம்ப்யூட்டர் வேலையையே விட்டுடு” என்று, அதில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் மருமகள் பூங்கொடி மேல் பாய்ந்தார்.

“அந்தப் பொன்னாடையை நீங்க போர்த்திக்கிட்டு உட்காருங்க மாமா, சரியாயிடும்.”

குழம்பிப்போய் எடுத்துப் போர்த்திக்கொண்டார். சித்திரை வெயில் கொளுத்தியது. கம்ப்யூட்டர் அணையவே இல்லை. அவருக்குத்தான் வேர்த்து ஊற்றியது.

“மூச்சு முட்டுது, எடும்மா இதை!”

“இத்தனை நாளா அதுவும் இதைத்தான் மாமா சொல்லிக்கிட்டிருந்துச்சு.”