முப்பத்தேழரை டிகிரி

பச்சிளங் குழந்தைகளைக் கிடத்தும் வெப்பப் பெட்டிகள் பதினாறு, ஓசூர்ப் பட்டறையில் வரிசையாக நின்றன. நாலு மணிக்கு ஆஸ்பத்திரி வேன் வந்துவிடும்.

நாகலிங்கம் முப்பது வருடம் ரேடியோ பழுதுபார்த்தவர். ஐம்பத்திரண்டு வயதில், தன்னைவிடப் பதினோரு வயது இளையவரான மெஹருன்னிசாவிடம் கருவிகளுக்கு நிரல் எழுதக் கற்க வந்தார். டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

“முடிஞ்சது டீச்சர். ஹீட்டர் முப்பத்தொன்பது டிகிரியில அணைஞ்சுது. ஆஸ்பத்திரியில கேட்டபடி முப்பத்தேழரை ஆக்கி, பதினாறுலயும் ஏத்திட்டேன்.”

“ஆச்சுன்னு எப்படித் தெரியும்?”

“செட்டிங்ஸ் ஃபைல்ல எண்ணை மாத்தினேன். மெஷினுக்குப் புரியற மொழிக்கு கம்பைல் பண்ணினேன். ஒரு எரர்கூட வரல.”

“கம்பைலர் உங்க ஃபைலைப் படிச்சுதா?”

“படிக்காம எப்படி டீச்சர்?”

டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஃபைலைத் திறந்து முப்பத்தேழரையை அழித்தார். அந்த இடத்தில் பூசணிக்காய் என்று எழுதினார்.

“கம்பைல் பண்ணுங்க.”

நாகலிங்கத்துக்குச் சிரிப்பு வந்தது. “எண் இருக்க வேண்டிய இடம். கத்தும் டீச்சர்.”

“கத்தட்டும்.”

தட்டினார். திரையில் நாற்பத்து மூன்று வரிகள் ஓடி நின்றன. எரர்: பூஜ்யம்.

“முழுப் பூசணிக்காயை முழுங்கிட்டு ஒரு ஏப்பம்கூட விடல பாருங்க,” என்றார் டீச்சர்.

நாகலிங்கத்தின் சிரிப்பு அடங்கியது. பழைய நிரலையும் காலையில் ஏற்றிய நிரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். இரண்டிலும் 31,204 பைட். ஒன்றுகூட மாறவில்லை. பதினாறு பெட்டிகளும் இன்னும் முப்பத்தொன்பதில்தான் இருந்தன.

அருகிலிருந்த பெட்டிக்குள் பார்த்தார். மெத்தை மூன்று சாண் நீளம்கூட இல்லை.

“வேனை நான் நிறுத்தி வைக்கிறேன்,” என்றார் டீச்சர். “நீங்க தேடுங்க.”

ஒன்றேகால் மணி நேரம் தேடினார். கம்பைலர் படிக்க வேண்டிய ஃபைல்களின் பட்டியலில் ஒன்பது பெயர்கள் இருந்தன. அவருடையது இல்லை. பத்தாவதாகச் சேர்த்தார். பூசணிக்காயை அழிக்கப் போன விரல் நின்றது. அதை அப்படியே விட்டுவிட்டுத் தட்டினார்.

திரை சிவந்தது. பதினோரு எரர்.

நாகலிங்கம் எழுந்து நின்றுவிட்டார். செத்த ரேடியோ பேசத் தொடங்கும்போதுகூட அவருக்கு இப்படி மெய்சிலிர்த்ததில்லை.

“டீச்சர்,” என்றார் மெல்ல. “கத்துது.”

“இப்பதான் நீங்க பேசுறது அதுக்குக் கேக்குது. இனி எண்ணைச் சொல்லுங்க.”